பி.ஆர். வேலைக்கு மலையில் வழி இருக்கிறதா?

கேள்வி: கோத்தகிரி வாசகர், ஏப்ரல் 9, 2025

என் மகள் குன்னூரில் பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருடம் படிக்கிறாள். மேலே பப்ளிக் ரிலேஷன்ஸ் (பி.ஆர்., மக்கள் தொடர்பு) படிக்கப் போகிறேன் என்கிறாள். வீட்டில் எல்லோரும், "ஆஸ்பத்திரியில் கோட்டு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிற வேலைதானே, அதற்கு எதற்கு இன்னொரு படிப்பு?" என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. சிரித்த முகமும் ஆங்கிலமும் இருந்தால் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம். இதில் தனித்துறை, மேல்பதவி என்று ஏதாவது உண்டா? மலையை விட்டு இறங்காமல் வேலை கிடைக்குமா?

ஏப்ரல் 10, 2025

அண்ணா, முதலில் அந்தக் கோட்டைக் கழற்றி வைத்துவிடுவோம். நோயாளியை விசாரித்து எந்த டாக்டரிடம் அனுப்புவது என்று பார்க்கிறவரையும் நம் பக்கம் பி.ஆர்.ஓ. (மக்கள் தொடர்பு அலுவலர்) என்றுதான் சொல்கிறோம். மரியாதையான வேலைதான். ஆனால் உங்கள் மகள் படிக்க நினைப்பது வேறு.

நான் குன்னூர்க்காரி. தேயிலைத் தொழிற்சாலை அலுவலகம் ஒன்றில் ஆரம்பித்து, சென்னையில் ஒரு பி.ஆர். ஏஜென்சியில் சில வருடம் இருந்துவிட்டு, மறுபடி மலையேறி வந்தேன். இப்போது எஸ்டேட், மருத்துவமனை, தொண்டு நிறுவனம் என்று கேட்கிறவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன்.

வேலை இரண்டு பாதி. உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, வெளியே இருப்பவர்களுக்கு அவர்கள் பேச்சிலேயே, நேரத்தோடு சொல்வது முதல் பாதி. வெளியே என்ன பேசுகிறார்கள் என்பதை முதலாளியிடம் மழுப்பாமல் போய்ச் சொல்வது அடுத்த பாதி. முதல் பாதியை எல்லோரும் செய்வார்கள். இரண்டாவதைச் செய்கிறவர்கள்தான் மேலே போகிறார்கள், அவர்களைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன.

ஏஜென்சியில் ஆரம்பத்தில் தருவது காலையில் பேப்பர் பார்த்து வெட்டி வைப்பது, நிருபர்கள் பட்டியலைச் சரிபார்ப்பது, செய்திக்குறிப்பு அடிப்பது, அதை அனுப்பிவிட்டு ஃபோன் போடுவது. அப்புறம் ஒரு வாடிக்கையாளரை முழுதாகக் கையில் கொடுப்பார்கள். பிறகு அக்கவுன்ட் மேனேஜர், டைரக்டர் என்று ஏறலாம். இல்லை, ஏதாவது கம்பெனிக்குள் கார்ப்பரேட் கம்யூனிகேஷன் பிரிவுக்குத் தாவலாம். இரண்டிலும் இருந்து பார்ப்பது நல்லது. ஏஜென்சியில் வேகம் வரும், கம்பெனிக்குள் ஆழம் வரும்.

ஏப்ரல் 10, இரவு

ஒருவர் சினிமா பி.ஆர்.ஓ. பற்றிக் கேட்டிருக்கிறார். தமிழ்நாட்டில் இந்த வேலையின் பெயரையே ஜனங்களுக்குத் தெரிய வைத்தவர் ஃபிலிம் நியூஸ் ஆனந்தன். 1950-களின் கடைசியில் ஆரம்பித்தார். புகைப்படக்காரராக இருந்து வந்தவர். படங்களைப் பற்றிய தகவல்களையும் ஸ்டில்களையும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்தார், பிற்பாடு அரசே அந்தச் சேகரிப்பை வாங்கியது. எந்தப் படம் எப்போது வந்தது, யார் நடித்தது என்று சந்தேகம் வந்தால் பத்திரிகைக்காரர்கள் அவரிடம்தான் போவார்கள். "இவரிடம் கேட்டால் சரியாக இருக்கும்" என்கிற பெயரை அவர் அப்படித்தான் சம்பாதித்தார். பி.ஆர்.ஓ.வின் மூலதனம் அதுதான்.

ஏப்ரல் 14, 2025

இன்று சித்திரை ஒன்று, விடுமுறை. தனித்துறைகள் பற்றி உட்கார்ந்து எழுதுகிறேன்.

பங்குச் சந்தையில் இருக்கிற கம்பெனிகளுக்கு முதலீட்டாளர் தொடர்பு என்று ஒரு பிரிவு உண்டு. பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரிய வேண்டும், வேலை பெரும்பாலும் மும்பையில். ஃபேஷன், பிராண்ட், சினிமா இதெல்லாம் சென்னை, பெங்களூர், மும்பை. இவற்றைத் தாண்டிப் போகிறேன், மலைக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் குறைவு.

அரசோடு பேசுகிற பிரிவு இங்கே தேவைப்படுகிறது. இ-பாஸ் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உயர்நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலிலிருந்து வார நாட்களில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்துவிட்டது. வியாபாரிகள் கடையடைப்பு நடத்தினார்கள். விடுதிக்காரர்களுக்கு ஒரு நியாயம், ரோட்டோரம் கேரட் விற்கிற அம்மாவுக்கு ஒரு நியாயம், சனிக்கிழமை ஆம்புலன்ஸ் சேரிங்கிராஸைத் தாண்ட முடியாமல் நிற்பதைப் பார்க்கிற ஊட்டிக்காரருக்கு ஒரு நியாயம். இதில் ஒரு சங்கத்துக்காகப் பேச வேண்டுமென்றால் உத்தரவை முழுதாகப் படித்திருக்க வேண்டும், மற்ற இரண்டு பேர் என்ன சொல்வார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சிரித்த முகத்தோடு போய் நின்றால் காரியம் நடக்காது.

அடுத்தது மருத்துவம், அறிவியல். குன்னூரில் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் 1907-ல் ஆரம்பித்தது. நாய்க்கடி மருந்துக்குப் பேர்போன ஊர் நம்முடையது. அப்படியும் கடித்த இடத்தில் சுண்ணாம்பும் மிளகாய்ப்பொடியும் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவ வேண்டும், உடனே ஊசிக்குப் போக வேண்டும். இந்த இரண்டு வரியை ஒரு பாட்டி நம்பும்படி சொல்வதும் ஒரு தனித்துறைதான். பி.எஸ்சி. படித்த பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் யோசியுங்கள், இந்தப் பக்கம் ஆள் மிகக் குறைவு.

எனக்கு மிகவும் பிடித்தது உள்தொடர்பு, அதாவது நிறுவனத்தில் வேலை செய்கிறவர்களோடு பேசுவது. ஒரு எஸ்டேட்டில் எனக்குக் கிடைத்த அனுபவத்தைச் சொல்கிறேன். மருத்துவ முகாம் பற்றிய அறிவிப்பை மஸ்டர் போடுகிற, அதாவது ஆள் கணக்கெடுக்கிற இடத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒட்டியிருந்தார்கள். கொழுந்து பறிப்பவர்களில் பாதிக்கு மேல் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்தவர்கள். தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. மேனேஜர், "நோட்டீஸ் போட்டாயிற்றே, ஏன் யாரும் வரவில்லை?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தொழிலாளர்கள் குடியிருக்கிற லயன் வீடுகள் பக்கம் சாயங்காலம் போய் உட்கார்ந்து பேசியபோதுதான் விஷயம் புரிந்தது. அங்கே ஒரு பெண்ணுக்குத் தமிழும் வரும், ஜார்க்கண்ட் பக்கம் பேசுகிற சாத்ரி மொழியும் வரும், ஹிந்தியும் வரும். அவளிடம் சொல்லிக் குரல் பதிவு ஒன்று செய்து, எல்லோருடைய ஃபோனுக்கும் அனுப்பினோம். முகாமுக்கு வந்தால் பகல் கூலியைப் பிடிக்க மாட்டார்கள் என்ற ஒரு வரியை முதலில் வைத்தோம், அவர்கள் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான். அந்த முறை கூட்டம் வரிசையில் நின்றது.

ஏப்ரல் 15, 2025

"பகல் கூலி விஷயம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறாள். கேட்டதால் தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் மேனேஜரிடம் திரும்பிப் போய், "கூலி பிடிக்க மாட்டோம் என்று நீங்கள் எழுத்தில் தந்தால்தான் நான் சொல்வேன்" என்று நின்றதுதான் உண்மையான வேலை. முதல் நாள் எழுதிய இரண்டாவது பாதி இதுதான். அவர் யோசித்தார், அப்புறம் கையெழுத்துப் போட்டார். போடாமல் இருந்திருந்தால் அந்தப் பதிவை நான் அனுப்பியிருக்க மாட்டேன்.

ஏப்ரல் 21, 2025

இன்று தேசிய மக்கள் தொடர்பு தினம். 1968-ல் இதே நாளில் தில்லியில் நடந்த அகில இந்திய மாநாட்டில், இந்தியாவில் இந்தத் தொழில் செய்கிறவர்கள் தங்களுக்கென்று நெறிமுறை ஒன்றை ஏற்றுக்கொண்டார்கள். அவர்களுடைய சங்கம் அதற்குப் பத்து வருடம் முன்பே, 1958-ல் ஆரம்பித்தது.

இந்த நாளில் நான் நினைத்துக்கொள்வது ஐவி லீ என்ற அமெரிக்கரை. 1906 அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டி பக்கம் ஒரு ரயில் பாலத்திலிருந்து தண்ணீருக்குள் விழுந்தது, ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். விபத்து என்றால் ரயில்வே கம்பெனிகள் கதவைச் சாத்திக்கொள்கிற காலம் அது. லீ, பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனியைச் சம்மதிக்க வைத்து, நடந்ததைத் தாங்களே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கச் செய்தார், நிருபர்களை இடத்துக்கே அழைத்துப் போக ஏற்பாடு செய்தார். இன்றைக்கு நாம் செய்திக்குறிப்பு என்று சொல்வதற்கு அதுதான் ஆரம்பம் என்பார்கள்.

நம் மலை ரயிலுக்கும் இது பொருந்தும். 1899-ல் குன்னூர் வரை, 1908-ல் ஊட்டி வரை வந்த பாதை, 2005 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. மழைக்காலத்தில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் மண் சரிந்தால் ரயில் ரத்து. மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் விடியற்காலையில் குழந்தைகளோடு நிற்கிற குடும்பத்துக்கு யுனெஸ்கோ பெருமை அந்த நேரத்தில் எதற்கு? பணம் திரும்ப எப்படிக் கிடைக்கும், பஸ் எங்கே நிற்கும், நாளைக்கு ஓடுமா, இந்த மூன்றும் வேண்டும். தெற்கு ரயில்வேயில் மக்கள் தொடர்புக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. உங்கள் மகளுக்கு இப்படிப்பட்ட வேலையில் ஆசை இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள் அண்ணா.

ஏப்ரல் 29, 2025

காரசாரமான கேள்வி ஒன்று வந்திருக்கிறது: "கம்பெனி செய்கிற தப்பை மூடி மறைக்கிறதுதானே உங்கள் வேலை? கொடைக்கானலில் பார்த்தோமே."

தட்டிக்கழிக்க விரும்பவில்லை. கொடைக்கானலில் 1980-களில் வந்த தெர்மாமீட்டர் ஆலை பிறகு ஹிந்துஸ்தான் லீவரிடம் போனது. 2001-ல் பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய சாமான் கடையில் இருந்தது வெளியே தெரிந்து, மக்கள் திரண்டு, ஆலை மூடப்பட்டது. கழிவு வெளியே விற்கப்பட்டது தன்னுடைய விதிமுறைக்கே மாறானது என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. தொழிலாளர்களின் உடல்நலக் கேட்டுக்கு ஆலை காரணம் இல்லை என்பதில் மட்டும் கடைசிவரை நின்றது. இப்படியே பதினான்கு வருடம் போனது. 2015 ஜூலை கடைசியில் சோஃபியா அஷ்ரஃப் என்ற சென்னைப் பெண் பாடிய ராப் வீடியோ ஒன்று வந்தது. சில நாட்களில் உலகம் முழுக்கப் பார்த்தது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். நிறுவனத்தின் அறிக்கைகளை எடுத்துப் படித்தால் ஆய்வு, நிபுணர் குழு, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஒப்புதல் என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் கவனமாக எழுதப்பட்டது. வக்கீல் படிப்பதற்குச் சரியான எழுத்து. மூச்சிரைக்கிற மனிதர் வாசலில் நிற்கும்போது அவர் கையில் கொடுக்க முடியாத எழுத்து. அந்த அலுவலகத்தில் யாராவது ஒருவர் மேலதிகாரியிடம் போய், "ஐயா, கொடைக்கானலில் இதை யாரும் நம்பவில்லை, நாம் அவர்களோடு உட்கார்ந்து பேசியாக வேண்டும்" என்று 2002-லேயே அழுத்திச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. அந்த வீடியோவுக்குப் பின்னால் இருந்ததும் மக்கள் தொடர்பு வேலைதான். பல வருட ஆவணங்களை மூன்று நிமிடத்துக்குள் சுருக்கியது, யாரை நோக்கிப் பேசுவது என்று முடிவு செய்தது, கையெழுத்து இயக்கத்தோடு இணைத்தது, எல்லாமே பழகிய கை செய்த வேலை. பாடியவரே விளம்பரத் துறையில் இருந்தவர். தொண்டு நிறுவனங்களுக்கு, இயக்கங்களுக்கு இப்படி வேலை செய்வதும் ஒரு பாதை. நீலகிரியில் அதற்கு இடம் நிறையவே இருக்கிறது. 1993-ல் ஆரம்பித்த கீஸ்டோன் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் கோத்தகிரியில் இருக்கிறது, அவர்களுடைய சமுதாய வானொலி 90.4-ல் ஆதிவாசி மக்களே பேசுகிறார்கள்.

ஏப்ரல் 30, 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படிச் சொல்லியிருந்தால் அந்த ஆளை வேலையை விட்டுத் தூக்கியிருப்பார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தூக்கியிருக்கலாம். அதனால்தான் இந்த வேலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு இடத்துக்குப் போகிற அளவுக்குத் தனித்திறமை வேண்டும் என்கிறேன். தேயிலை தெரிந்த பி.ஆர். ஆளுக்கு நாலு இடம் கிடைக்கும். வெறும் பி.ஆர். ஆளுக்கு இருக்கிற ஒரு இடமும் போய்விடுமோ என்ற பயம், வாயைத் திறக்க மாட்டார்.

மே 3, 2025

கோத்தகிரி அண்ணா எழுதியிருக்கிறார்: "மகள் ரயில்வே பற்றிக் கேட்கவில்லை, காட்டிலாகா பற்றிக் கேட்கிறாள்."

நல்ல ஆசை. அதற்குத் தனியாக எழுத வேண்டும், மலர்க்கண்காட்சி வேலை ஒன்று தலைக்கு மேல் இருக்கிறது, முடித்துவிட்டு வருகிறேன்.

மே 12, 2025

காட்டிலாகா விஷயம். 2021-ல் மசினகுடி, தேவன் எஸ்டேட் பக்கம் டி23 என்ற புலியைத் தேடியது நினைவிருக்கும். மனித உயிர்கள் போயிருந்தன. அக்டோபர் தொடக்கத்தில் வேட்டையாட உத்தரவு வந்தது. அதே ஒரு உத்தரவை இரண்டு கூட்டம் படித்தது. மசினகுடிக்காரர், "அப்பாடா, இனி மாடு மேய்க்கப் போகலாம்" என்று படித்தார். சென்னையிலும் பெங்களூரிலும் இருந்தவர்கள், "புலியைக் கொல்லப் போகிறார்கள்" என்று படித்து நீதிமன்றத்துக்குப் போனார்கள். முதலில் பிடிக்கப் பாருங்கள், உடனே கொல்லாதீர்கள் என்று நீதிமன்றம் சொன்னது. அக்டோபர் 15 அன்று உயிரோடு பிடித்து மைசூருக்குக் கொண்டு போனார்கள்.

அந்த நாட்களில் வனத்துறையின் தகவல் வரும்வரை வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு புலி. கூடலூரில் ஒன்று, ஸ்ரீமதுரையில் ஒன்று, எங்கோ வட இந்தியாவில் எடுத்த வீடியோ ஒன்று. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்பலாமா என்பதுதான் ஒரு தாய்க்குத் தெரிய வேண்டியது. இன்று எந்தப் பகுதியில் தேடுகிறார்கள், எந்த வழியாக நடக்கக் கூடாது, தினமும் எத்தனை மணிக்குத் தகவல் வரும், இதைக் காலையிலும் மாலையிலும் ஒரே எண்ணிலிருந்து ஒரே வடிவத்தில் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கால்தடம் பார்க்கிற வேட்டைத் தடுப்புக் காவலரோடும் பேசத் தெரிய வேண்டும், தில்லி நிருபரோடும் பேசத் தெரிய வேண்டும். பணியர், காட்டுநாயக்கர் குடியிருப்புகளுக்கு நடந்து போய்ச் சொல்லவும் தெரிய வேண்டும்.

உங்கள் மகள் வனவிலங்கு பற்றி ஒரு சான்றிதழ்ப் படிப்பாவது சேர்த்துப் படிக்கட்டும் அண்ணா. பி.ஆர். டிகிரியை விட அது அவளைத் தூக்கி நிறுத்தும்.

மே 13, 2025

மேலே உள்ளதில் ஒரு விஷயத்தை அழுத்த விட்டுவிட்டேன். ஆதிவாசி மக்களைப் பற்றி எழுதுவது, படம் எடுப்பது. தோடர் எம்பிராய்டரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு ரிசார்ட் விளம்பரம் ஒவ்வொன்றிலும் ஒரு தோடர் பாட்டி, ஒரு மந்து, அதாவது தோடர் குடியிருப்பு. அந்தப் பாட்டியிடம் கேட்டார்களா, பணம் கொடுத்தார்களா? படம் கேட்டு என்னிடம் வருகிற விடுதிக்காரர்களை நான் நேராக மந்துக்கு அழைத்துப் போய் உட்கார வைக்கிறேன். அவர்கள் சம்மதித்தால் படம், இல்லையென்றால் இல்லை. இதனால் சில வாடிக்கையாளர்கள் போய்விட்டார்கள். போகட்டும்.

மே 26, 2025

ரெட் அலர்ட். நேற்றிலிருந்து சுற்றுலா இடங்கள் மூடியிருக்கின்றன, வெளியே காற்று பலமாக இருக்கிறது, கரண்ட் விட்டு விட்டு வருகிறது. இந்த நேரத்தில்தான் நெருக்கடிக் காலத் தொடர்பு பற்றி எழுதத் தோன்றுகிறது.

நம் ஊரில் மழையைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தது. நிலச்சரிவில் மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் போய்விட்டார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர். இந்த எண்களை மனதில் வைத்துக்கொண்டு எழுதுகிறவருக்கு "லேசான பாதிப்பு" என்று எழுதக் கை வராது.

ஒரு அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும் என்று எடுத்துக்காட்டு காட்டுகிறேன். வழக்கமாக வருவது: "தொடர் கனமழை காரணமாக மாவட்டத்தின் சில பகுதிகளில் போக்குவரத்து பாதிக்கப்பட்டுள்ளதால் பொதுமக்கள் எச்சரிக்கையுடன் இருக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." இதைப் படித்துவிட்டு பர்லியாரில் நிற்கிற டிரைவர் என்ன செய்வார்? மேலே ஏறுவதா, திரும்புவதா?

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "குன்னூர்-மேட்டுப்பாளையம் ரோட்டில் பர்லியார் அருகே மரம் விழுந்திருக்கிறது. வண்டி போகாது. கோத்தகிரி வழியாகப் போகவும். அடுத்த தகவல் மாலை 4 மணிக்கு." கடைசி வரிதான் மிக முக்கியம். அடுத்து எப்போது சொல்வோம் என்று சொல்லிவிட்டால் ஜனங்கள் அதுவரை காத்திருப்பார்கள். சொல்லாவிட்டால் கிடைத்ததை எல்லாம் ஃபார்வர்ட் செய்வார்கள். 4 மணிக்குப் புதிதாக எதுவும் இல்லையென்றாலும், "இன்னும் அகற்றவில்லை, அடுத்து 6 மணிக்கு" என்று போட்டாக வேண்டும்.

எழுத்து மட்டும் போதாது. ஹட்டியில், அதாவது படுகர் கிராமத்தில் இருக்கிற பெரியவர்களுக்குப் படுக மொழியில் குரல் பதிவு. டவர் போய்விட்டால் கோயில் மைக், சர்ச் மைக், ஜீப்பில் ஒலிபெருக்கி. ஊட்டி வானொலி. இதெல்லாம் மழை வந்த பிறகு ஏற்பாடு செய்ய முடியாது. மைக் யாரிடம் இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்ற பட்டியல் கோடையிலேயே கையில் இருக்க வேண்டும்.

மே 27, 2025

"அடுத்த தகவல் எப்போது" என்பதைப் பற்றி ஒருவர், "பெரிய விபத்தில் அப்படிச் சொல்ல முடியுமா?" என்று கேட்கிறார். 2021 டிசம்பர் 8, காட்டேரி பக்கம் நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் விழுந்த அன்று நான் குன்னூரில்தான் இருந்தேன். விபத்தை விமானப்படை அன்று பிற்பகலிலேயே உறுதி செய்தது. அவர் இறந்ததை மாலையில்தான் சொன்னார்கள். நடுவில் டிவி சானல்கள் அவரைப் பிழைக்கவும் வைத்தன, இறக்கவும் வைத்தன.

அந்த மாலை வரை காத்திருந்தது சரி என்றுதான் நினைக்கிறேன். குடும்பத்துக்குத் தெரியும் முன்னால் ஊருக்குத் தெரியக் கூடாது. அதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. ஆனால் "மீட்புப் பணி நடக்கிறது, யார் நிலை என்ன என்பதைக் குடும்பங்களுக்குச் சொன்ன பிறகே வெளியிடுவோம்" என்று மணிக்கொரு முறை சொல்ல முடியும். காரணத்தைச் சொல்லிக் காக்க வைத்தால் ஜனங்கள் மதிப்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் வீட்டிலிருந்த போர்வைகளையே தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், அவர்களுக்குச் சொன்னால் புரியாதா?

ஜூன் 2, 2025

அரசு வேலை பற்றி நிறைய பேர் கேட்டுவிட்டீர்கள். சுருக்கமாக.

மாவட்டத்துக்கு ஒரு செய்தி மக்கள் தொடர்பு அலுவலர் இருக்கிறார், கலெக்டர் ஆபீஸோடு சேர்ந்த வேலை. மத்திய அரசில் இந்தியத் தகவல் பணி, யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வு எழுதி அதற்குப் போகலாம். பத்திரிகைத் தகவல் அலுவலகம், வானொலி, தூர்தர்ஷன் என்று இடம் மாறி மாறி வேலை. ரயில்வே, பாதுகாப்புத் துறை, பொதுத்துறை நிறுவனங்களில் தனித்தனியாக மக்கள் தொடர்பு அதிகாரிகள் உண்டு. படிப்பு என்றால் தில்லியில் ஐ.ஐ.எம்.சி. என்கிற இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் 1965-லிருந்து நடக்கிறது, விளம்பரமும் மக்கள் தொடர்பும் சேர்ந்த முதுநிலை டிப்ளமோ அங்கே பிரபலம். பக்கத்தில் என்றால் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் ஊடகப் படிப்பு இருக்கிறது.

சம்பளம் கேட்டவர்களுக்கு: ஏஜென்சியில் ஆரம்பச் சம்பளம் குறைவு. சென்னை வாடகை போக மிச்சம் பிடிப்பது கஷ்டம். ஒரு துறை பிடிபட்ட பிறகுதான் ஏறும். ஆகவே ஆரம்பத்திலேயே துறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கஷ்டப்படுகிற காலம் குறையும்.

ஜூன் 3, 2025

"சாட்ஜிபிடி வந்துவிட்டதே, இனி செய்திக்குறிப்பு எழுத ஆள் எதற்கு?" எழுதிக் கொடுக்கும், நன்றாகவே கொடுக்கும். பர்லியாரில் மரம் விழுந்ததா இல்லையா என்று டீக்கடைக்காரருக்கு ஃபோன் போட்டுக் கேட்பது யார்? மேனேஜரிடம் கையெழுத்து வாங்குவது யார்? அதைச் செய்கிறவர்களுக்கு வேலை இருக்கும். குறிப்பை அழகுபடுத்துவது மட்டுமே வேலையாக வைத்திருந்தவர்கள் வேறு ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டிய நேரம் இது.

நிருபர்களுக்கு அனுப்புகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். லெட்டர்பேடில் அடித்து ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக அனுப்பாதீர்கள். குந்தாவில் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு ஃபோனிலேயே செய்தி அடிக்கிற பகுதிநேர நிருபர் அதிலிருந்து எப்படி எடுப்பார்? யூனிகோடில், வாட்ஸ்அப் செய்தியாகவே, படத்துக்குக் கீழே யார் யார் என்று இடமிருந்து வலமாக எழுதி, பிற்பகலுக்குள் அனுப்புங்கள். பெயர்களில் தலைப்பெழுத்து தப்பினால் மறுநாள் முழுக்கத் திட்டு வாங்குவது அவர்தான்.

ஜூன் 8, 2025

தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிற தம்பி ஒருவர், தான் எழுதிய அறிவிப்பை அனுப்பித் திருத்தித் தரச் சொல்லியிருக்கிறார். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்குகிற தொழிற்சாலை. அவர் சம்மதத்தோடு, பெயர் இல்லாமல் இங்கே போடுகிறேன்.

"மாண்புமிகு தலைவர் அவர்களின் அறிவுறுத்தலின்படியும் நிர்வாகக் குழுவின் தீர்மானத்தின்படியும் இயந்திரப் பராமரிப்புப் பணிகள் மேற்கொள்ளப்படவிருப்பதால் மேற்படி நாட்களில் பசுந்தேயிலைக் கொள்முதல் தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்படுகிறது என்பதை அங்கத்தினர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்."

தம்பி, எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை, தமிழ் நன்றாக வருகிறது. ஆனால் எந்த நாட்கள்? நோட்டீஸின் தலையில் சின்ன எழுத்தில் தேதி இருக்கிறது என்றீர்கள். பறித்த இலை அன்றைக்கே தொழிற்சாலைக்குள் போயாக வேண்டும். தெரியாமல் பறித்துவிட்டவர் சாக்கோடு எங்கே போவார்? தரகரிடம்தான் போவார், அவர் சொல்கிற விலைக்குக் கொடுத்துவிட்டு உங்களைத் திட்டுவார். ஆகவே முதல் வரியில் நாள், இரண்டாவது வரியில் கடைசி வண்டி, மூன்றாவதில் மாற்று வழி. தலைவர் பெயர் கீழே கையெழுத்தில் இருந்தால் போதும்.

"ஜூன் 16, 17, 18 (திங்கள், செவ்வாய், புதன்) மூன்று நாட்களும் இலை வாங்க மாட்டோம். மெஷின் வேலை நடக்கிறது. ஜூன் 15 ஞாயிறு மாலை 5 மணி வரை எல்லா ஷெட்களிலும் இலை எடுப்போம். அந்த மூன்று நாட்களில் பறிக்க வேண்டியிருப்பவர்கள் முன்கூட்டியே அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், பக்கத்துத் தொழிற்சாலையில் எடுத்துக்கொள்ள ஏற்பாடு செய்கிறோம். 19-ம் தேதி வியாழன் முதல் வழக்கம்போல வாங்குவோம்."

பக்கத்துத் தொழிற்சாலையோடு பேசிவிட்டீர்களா என்று மேனேஜரிடம் இன்றே கேளுங்கள். பேசவில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிட்டு, பேசிய பிறகு தனியாகப் போடுங்கள். ஷெட்டில் ஒட்டும்போது தராசுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், இலை நிறுக்கிற நேரம் எல்லோர் கண்ணும் அங்கேதான் இருக்கும்.